சமையல் மேடைக்குக் கீழே ஓர் ஆட்டம்

மிக்ஸி ஓடும்போது மேடைக்குக் கீழே பாத்திரங்கள் கிணுகிணுக்கின்றன. கதவை இழுத்தால் கதவோடு பெட்டியும் அரை விரல் முன்னால் வருகிறது. போன மாதம் வரை பக்கத்துக் கதவோடு ஒரே கோட்டில் நின்ற கதவு, இப்போது ஒரு மூலையில் உரசுகிறது. மாடுலர் கிச்சன் போட்டு நான்கைந்து ஆண்டுகள் ஆன வீடுகளில் அடிக்கடி கேட்கும் புகார்கள் இவை. உடனே எல்லோர் கையும் போவது கீலுக்குத்தான். ஸ்க்ரூ டிரைவரை எடுத்து முடுக்குவார்கள். அதற்கும் மசியவில்லை என்றால் கடையில் புதுக் கீல் வாங்கி வந்து மாட்டுவார்கள். இரண்டு மாதத்தில் கதவு மறுபடி உரசும்.

கீல் பாவம், அதன்மேல் பெரும்பாலும் குற்றமில்லை. ஆட்டோ ஹிஞ்ச் என்று கடைகளில் விற்கும் இன்றைய கீல்களில் கதவை மேலே கீழே, இடம் வலம், முன் பின் என்று நகர்த்திச் சரிசெய்ய ஸ்க்ரூக்கள் உண்டு. ஆனால் கதவைத் தாங்கும் பெட்டியே சாய்ந்திருந்தால் அந்தச் சரிசெய்தல் எத்தனை நாள் நிற்கும்? இன்றைக்குக் கதவை நேராக்குவோம், நாளைக்குப் பெட்டி இன்னும் கொஞ்சம் சாயும். ஆட்டம் கண்ட பெட்டியில் பார்க்க வேண்டிய இடங்கள் நான்கு: காலடி, முதுகு, பக்கத்துப் பெட்டி, பின்சுவர். கதவு இந்தப் பட்டியலிலேயே இல்லை.

முன்பெல்லாம் இந்தத் தொல்லை நம் வீடுகளில் குறைவு. செங்கல் சுவர் எழுப்பி, அதன்மேல் கடப்பா கல்லையோ கிரானைட்டையோ பதித்து, கீழே கடப்பா பலகைகளால் தடுப்பு வைத்தார்கள். அந்த மேடை ஆடாது. ஆடினால் வீடே ஆடுகிறது என்று பொருள். மாடுலர் கிச்சன் வேறு மாதிரி. பிளைவுட்டிலோ பார்ட்டிகிள் போர்டிலோ தனித்தனிப் பெட்டிகள் செய்து, ஒவ்வொன்றையும் நான்கு பிளாஸ்டிக் கால்களில் நிறுத்தி, வரிசையாகக் கோத்துவிடுகிறார்கள். கால்களை மறைக்க முன்னால் ஸ்கர்ட்டிங் பட்டை. வேலை இரண்டு மூன்று நாளில் முடிகிறது, பார்க்கவும் அழகு. ஆனால் கல் செய்த வேலையை இப்போது ஸ்க்ரூவும் பிளாஸ்டிக்கும் செய்ய வேண்டியிருக்கிறது.

பெட்டியைக் காலி செய்துவிட்டுச் சோதிப்பது நல்லது. மேல் விளிம்பில் கைவைத்து முதலில் இடம் வலமாகவும், பிறகு முன் பின்னாகவும் தள்ளிப் பார்க்க வேண்டும். பெட்டி முழுதும் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கு ‘டக் டக்’கென்று தாளம் போட்டால் கால் தரையைத் தொடவில்லை. அடிப்பகுதி நின்ற இடத்தில் நிற்க, மேல்பகுதி மட்டும் பக்கவாட்டில் சாய்ந்தால் பெட்டியின் சட்டம் தளர்ந்திருக்கிறது. முன் பின்னாக மொத்தமாக நகர்ந்தால், சுவரோடும் பக்கத்துப் பெட்டியோடும் உள்ள பிணைப்பு விட்டுப்போயிருக்கிறது. மூன்றுக்கும் மூன்று வைத்தியம். ஒன்றுக்கு உரியதை இன்னொன்றுக்குச் செய்தால் பலகையில் ஓட்டைகள் பெருகுவதுதான் மிச்சம்.

முதலில் கால். மூன்று கால் முக்காலி எந்தத் தரையிலும் ஆடாது, ஏனென்றால் மூன்று புள்ளிகள் எப்போதும் ஒரே தளத்தில் அமைந்துவிடும். நான்காவது கால் வந்தவுடன் தரையும் சமமாக இருந்தாக வேண்டும். நம் சமையலறைத் தரைகளோ கழுவிவிடும் தண்ணீர் வடிவதற்காகவே ஒரு பக்கம் வாட்டம் கொடுத்துக் கட்டப்படுபவை. அதனால்தான் பெட்டியின் கால்கள் திருகி உயர்த்தவும் தாழ்த்தவும் முடிகிற மாதிரி வருகின்றன. வழக்கமான உயரம் 10 செ.மீ. ஆண்டுக்கணக்கில் அதிர்வு பட்டுப்பட்டு இந்தத் திருகு மெல்லச் சுற்றி இறங்கிவிடுவதுண்டு.

ஸ்கர்ட்டிங் பட்டை பெரும்பாலும் கால்களில் கிளிப் போட்டுத்தான் மாட்டப்பட்டிருக்கும். இரு முனைகளிலும் பிடித்து இழுத்தால் கையோடு வந்துவிடும். உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தால் காணாமல்போன கரண்டிகள், கரப்பான் குடும்பங்கள் எல்லாம் தட்டுப்படும். அவற்றைத் தாண்டிக் கால்களைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு காலையும் கையால் அசைத்தால் சுமை தாங்கும் கால் அசையாது, சும்மா நிற்கும் கால் சுழலும். சுழலும் காலைத் தரையில் அழுந்தும்வரை திருகினால் பல வீடுகளில் பிரச்சினை அங்கேயே முடிந்துவிடும். கொத்தனாரும் தச்சரும் வைத்திருக்கும் ரசமட்டம் ஒன்று கையில் இருந்தால் பெட்டியின் அடிப்பலகைமேல் நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. மேலே கிரானைட் இருக்கிறது என்பதை மறந்துவிடக் கூடாது. 8 அடி நீளம், 2 அடி அகலம், 20 மி.மீ. கனமுள்ள கிரானைட் பலகை சுமார் 80 கிலோ எடை. அமுக்கும் சுமையை அது எவ்வளவு வேண்டுமானாலும் தாங்கும். வளைக்கும் சுமையைத்தான் தாங்காது. காலை ஆர்வத்தோடு அதிகம் திருகி ஒரு முனையைத் தூக்கினால், சிங்க்குக்கோ அடுப்புக்கோ வெட்டிய துளையின் மூலையில் கல் விரிசல் விட்டுவிடலாம். கால் தரையைத் தொட்டு இறுகியதும் நிறுத்திவிட வேண்டும். மட்டம் பார்த்துப் பெட்டியை உயர்த்தும் வேலையெல்லாம் கல் பதிப்பதற்கு முன்னால் செய்திருக்க வேண்டியது.

கால் உடைந்தே போயிருந்தால் அதே உயரத்தில் புதுக் கால் ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கிறது. பழையதைக் கழற்றுமுன் பக்கத்தில் ஒரு மரக்கட்டையை வைத்து, எதிரெதிராக இரண்டு ஆப்புகளைச் செருகி முட்டுக்கொடுத்துக்கொள்ள வேண்டும். புதுக் காலின் தட்டு எங்கே உட்கார்கிறது என்பதும் முக்கியம். அதன் ஒரு பகுதியாவது பெட்டியின் பக்கப் பலகைக்கு நேர்கீழே வர வேண்டும். அப்போதுதான் மேலிருந்து வரும் எடை பக்கப் பலகை வழியாக நேரே காலுக்கு இறங்கும். தட்டு முழுதும் உள்ளே தள்ளியிருந்தால் எடை மொத்தமும் அடிப்பலகையையும் அதைப் பிடித்திருக்கும் நாலைந்து ஸ்க்ரூக்களையும் நம்பி நிற்கும். அவசரமாக முடித்த வேலைகளில் இந்தக் குறை சாதாரணம்.

அடுத்தது சட்டம். ஒரு தீப்பெட்டியை எடுத்து, குச்சிகள் இருக்கும் உள்தட்டை உருவிவிட்டு வெளிக்கூட்டை மட்டும் விரலால் பக்கவாட்டில் அழுத்திப் பாருங்கள். அப்படியே சாய்ந்து தட்டையாகிவிடும். உள்தட்டைத் திரும்பச் செருகினால் அசையாது. நான்கு பக்கங்களை மூலைகளில் இணைத்தால் மட்டும் ஒரு சதுரம் சதுரமாக நிற்காது. மூலைக்கு மூலை அதைப் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டும். சமையலறைப் பெட்டியில் அந்த வேலையைச் செய்வது பின்பலகை. 6 அல்லது 8 மி.மீ. கனமே உள்ள அந்த மெல்லிய பலகையைத் தூசி மறைக்கும் தட்டி என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பெட்டி சாயாமல் நிற்பதே அதனால்தான்.

எந்த வீட்டிலும் முதலில் ஆட்டம் காண்பது சிங்க்குக்குக் கீழுள்ள பெட்டியும் சிலிண்டர் வைக்கும் பெட்டியும்தான். ஏன் என்பதற்கு இதில் விடை இருக்கிறது. குழாய்கள் வருவதற்காகச் சிங்க் பெட்டியில் பின்பலகையே வைப்பதில்லை, அல்லது பெரிதாக வெட்டிவிடுகிறார்கள். சிலிண்டர் பெட்டியில் பல வீடுகளில் அடிப்பலகையும் கிடையாது, சிலிண்டர் தரையிலேயே நிற்கும். ஆக, இரண்டும் முதுகில்லாத பெட்டிகள். நிரம்பிய வீட்டு சிலிண்டரில் எரிவாயு 14.2 கிலோ, இரும்பையும் சேர்த்தால் ஏறத்தாழ 30 கிலோ. அதை உருட்டி உள்ளே தள்ளும்போதும் வெளியே இழுக்கும்போதும் பக்கப் பலகையில் விழும் இடியை யோசித்துப் பாருங்கள்.

இதற்கு வைத்தியம் எளிது. பெட்டியின் பின்புறம் மேலே ஒன்று, கீழே ஒன்றாக 10 செ.மீ. அகலமுள்ள 18 மி.மீ. பிளைவுட் பட்டைகளைக் குறுக்கே வைத்து இரு பக்கப் பலகைகளோடும் ஸ்க்ரூ போட்டு இணைக்க வேண்டும். குழாய்க்கு நடுவில் வேண்டிய இடம் அப்படியே கிடைக்கும். இடம் இன்னும் நெருக்கடி என்றால், பின்மூலைகளில் முக்கோணமாக வெட்டிய பிளைவுட் துண்டுகளையோ எல் கிளாம்புகளையோ வைக்கலாம். முக்கோணத்தைச் சாய்க்க முடியாது. பாலங்களிலும் கூரைச் சட்டங்களிலும் குறுக்குக் கம்பிகள் போடுவதும் இதே கணக்கில்தான். ஆனால் ஸ்க்ரூவை முடுக்குமுன் பெட்டியை நேராக்கிக்கொள்ள வேண்டும். முன்பக்கத்தில் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கும், மற்ற இரண்டு மூலைகளுக்கும் டேப் பிடித்து அளந்தால் இரண்டு அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றாக இல்லாமல் முடுக்கினால் பெட்டி கோணலாகவே உறுதிப்பட்டுவிடும். கோணலாக ஆடுகிற பெட்டியைவிடக் கோணலாக ஆடாத பெட்டி பெரிய தலைவலி.

சிலிண்டர் பெட்டியில் கைவைப்பதற்கு முன் ரெகுலேட்டரை அணைத்துக் கழற்றி, சிலிண்டரை வெளியே எடுத்துவிட வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. இருந்தாலும் சொல்லிவைக்கலாம்.

தனியாக நிற்கும் பெட்டி எவ்வளவு நன்றாகச் செய்ததானாலும் கொஞ்சம் அசையும். வரிசையிலுள்ள பெட்டிகளை ஒன்றோடொன்று இணைத்துவிட்டால் அது ஒரே நீண்ட பெட்டியாகிவிடுகிறது. முன்விளிம்பை ஒட்டி மேலே ஒன்று, கீழே ஒன்று, பின்பக்கமும் அப்படியே. ஒரு பக்கப் பலகை வழியாக அடுத்த பக்கப் பலகைக்கு நான்கு ஸ்க்ரூ போதும். 18 மி.மீ. பலகைகள் இரண்டு சேர்ந்தால் 36 மி.மீ., அதனால் ஸ்க்ரூவின் நீளம் 30 மி.மீ.யைத் தாண்டக் கூடாது. தாண்டினால் மறுபக்கம் முனை நீட்டிக்கொண்டு, தட்டு எடுக்க வருகிறவர் விரலைக் கிழிக்கும். இரண்டு பெட்டிகளையும் கிளாம்ப் போட்டு இறுக்கிச் சேர்த்த பிறகே துளையிட வேண்டும். ஸ்க்ரூவே இழுத்துச் சேர்த்துக்கொள்ளும் என்று விட்டால் அது பலகையைப் பிய்த்துக்கொண்டு வரும்.

சுவரோடு பிணைப்பதைத் தமிழ்நாட்டு வீடுகளில் பலர் தேவையில்லை என்று விட்டுவிடுகிறார்கள். மேலே கிரானைட் அமுக்கிக்கொண்டிருக்கிறதே, எங்கே போய்விடப்போகிறது என்ற தைரியம்தான். கல் சுவரில் பதிந்திருக்கும் வரிசைக்கு அது ஓரளவு சரி. ஆனால் கல் இல்லாமல் தனியாக நிற்கும் இழுப்பறைப் பெட்டிக்குப் பிணைப்பு கட்டாயம். நிறைய தட்டும் டம்ளரும் அடுக்கிய மூன்று இழுப்பறைகளையும் ஒரே நேரத்தில் வெளியே இழுத்தால் எடை முழுதும் முன்னால் வந்துவிடும். அதில் ஒரு குழந்தை கால் வைத்து ஏறினால் பெட்டி கவிழும். சுவரோடு பிணைக்காத இழுப்பறை அலமாரிகள் கவிழ்ந்து குழந்தைகள் இறந்ததால்தான் 2016-இல் ஐக்கியா நிறுவனம் அமெரிக்காவில் 2.9 கோடி அலமாரிகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. அவை படுக்கையறை அலமாரிகள். ஆனால் கவிழும் கணக்கு சமையலறையிலும் மாறுவதில்லை.

சுவரில் துளையிடுவது இந்த வேலையிலேயே கொஞ்சம் நிதானம் வேண்டிய கட்டம். சிங்க்குக்கு நேர்பின்னாலும் குழாய்க்கு நேர்மேலும் கீழும் சுவருக்குள் தண்ணீர்க் குழாய் போகும். சுவிட்சுக்கு நேர்மேலும் கீழும் ஒயர் போகும். அந்தக் கோடுகளை விட்டு விலகித்தான் ட்ரில்லிங் மெஷினை வைக்க வேண்டும். டைல்ஸ் இருந்தால் துளையிடும் இடத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டி, டைல்ஸைத் தாண்டும்வரை மெஷினின் ஹாம்மர் விசையைப் போடாமல் மெதுவாக ஓட்ட வேண்டும். பூச்சுக்குள் மட்டும் நிற்கும் பிளக் நாலு நாளில் கழன்றுவிடும். டைல்ஸ் 8 மி.மீ., பூச்சு 12 மி.மீ. என்று வைத்தாலும் அதற்கு அப்பால் செங்கல்லில் பிளக் முழுதாக உட்கார வேண்டும். புதிய அடுக்ககங்களில் செங்கல்லுக்குப் பதில் ஏஏசி பிளாக் எனப்படும் எடை குறைந்த, நுண்துளைகள் கொண்ட கற்களை வைக்கிறார்கள். சாதாரண பிளக் அதில் நிற்காது. அதற்கென்றே விற்கும் நீளமான நைலான் பிளக்கைக் கேட்டு வாங்க வேண்டும்.

பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே இடைவெளி இருந்தால் அந்த அளவுக்கு ஒரு மரத்துண்டைச் செருகிவிட்டுப் பிறகு முடுக்க வேண்டும். வெறும் ஸ்க்ரூவால் சுவர்ப்பக்கம் இழுத்தால் பெட்டி முறுக்கிக்கொள்ளும், அதன்பின் ஒரு கதவும் ஒழுங்காக மூடாது.

ஸ்க்ரூவை எவ்வளவு திருப்பினாலும் இறுகாமல் சும்மா சுற்றிக்கொண்டேயிருக்கிறதா? பக்கத்தில் இன்னொரு துளை போடுவது கடைசி வழி. முதலில் துளைக்குள் ஃபெவிகால் விட்டு, மூங்கில் பல்குச்சிகளையோ மருந்து கிள்ளிய தீக்குச்சிகளையோ நெருக்கமாக அடைத்து, நீட்டியிருப்பதை வெட்டிவிட்டு, ஒரு நாள் காயவிட வேண்டும். பிறகு சின்னத் துளை போட்டு ஸ்க்ரூவை ஏற்றினால் பிடித்துக்கொள்ளும். கதவின் எடை இழுக்கும் கீல் துளைகளுக்கு இது போதாமல் போகலாம். அங்கே துளையை 10 மி.மீ. அளவுக்குப் பெரிதாக்கி, அதே பருமனுள்ள மரமுளையைப் பசை போட்டு அடித்து இறக்குவது நல்லது. கீல் பதியும் இடமே பிய்ந்து போயிருந்தால், அதன்மேல் வைத்துப் பரவலாக ஸ்க்ரூ போடும் ஸ்டீல் தகடுகள் இருக்கின்றன.

பழைய பாணி மேடையில் கடப்பா தடுப்புகளுக்கு மரச்சட்டம் அடித்துக் கதவு மாட்டியிருப்பவர்களுக்கு ஆடுவது சட்டம் மட்டுமே. கடப்பா கல் ஏடு ஏடாகப் பிளக்கும் தன்மையுள்ளது. விளிம்பில் துளை போட்டால் சில்லு பெயரும். சட்டத்தைச் சுத்தம் செய்து அரால்டைட் போன்ற எபாக்சி பசையால் ஒட்டி, ஒரு நாள் முழுதும் அழுத்திக் கட்டிவைப்பதுதான் பாதுகாப்பு.

இவ்வளவும் செய்து, ஆறு மாதத்தில் திரும்பவும் ஆட்டம் வந்தால் காரணத்தைத் தண்ணீரில் தேட வேண்டும். மரத்தூளையும் சிறு சில்லுகளையும் பசையோடு அழுத்திச் செய்யும் பார்ட்டிகிள் போர்டு தண்ணீர் குடித்தால் ஊதும். காய்ந்த பிறகும் பழைய கனத்துக்குத் திரும்பாது. ஊதிய இடத்தில் ஸ்க்ரூ நிற்காது. வெளியே ஒட்டிய லேமினேட் பளபளவென்று இருப்பதால் உள்ளே நடப்பது தெரிவதில்லை. அடிப்பலகையின் விளிம்பைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். மெத்தென்று அமுங்கினால் அந்தப் பலகையின் காலம் முடிந்தது. அதில் இனி எந்த ஸ்க்ரூவும் பசையும் வேலை செய்யாது. பெட்டி முழுவதையும் மாற்ற வேண்டிய கட்டாயமும் இல்லை. பக்கப் பலகைகள் உறுதியாக இருந்தால் அடிப்பலகையை மட்டும் கழற்றிவிட்டுப் பிளைவுட்டில் புதிதாகப் போடலாம். மொத்தத்தையும் மாற்றச் சொல்லும் ஆளிடம் முதலில் இதைக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது? சிங்க்கை அடைத்து நிறையத் தண்ணீர் பிடித்து ஒரேயடியாகத் திறந்துவிட வேண்டும். சொட்டுச் சொட்டாகப் போகும்போது தெரியாத கசிவு, வேகமாகப் போகும்போது தெரிந்துவிடும். கீழே ஒவ்வொரு இணைப்பிலும் டிஷ்யூ பேப்பரைச் சுற்றிப் பார்த்தால் நனையும் இடம் காட்டிக்கொடுக்கும். அடுத்த சந்தேகம் சிங்க்கும் கல்லும் சேரும் ஓரம். அங்கே சிலிக்கான் விட்டுப்போயிருந்தால் பழையதை முழுதும் சுரண்டி எடுத்து, நன்றாகக் காயவைத்துப் புதிதாகப் போட வேண்டும். வினிகர் வாடை அடிக்கும் சாதாரண சிலிக்கான் சிலவகைக் கற்களைக் கறைப்படுத்தும். கல்லுக்கென்று ‘நியூட்ரல்’ வகை கிடைக்கிறது. மூன்றாவது வழி தரை. வாளித் தண்ணீரை ஊற்றித் துடைப்பத்தால் தள்ளும் வழக்கம் இருக்கும் வீட்டில் ஸ்கர்ட்டிங்குக்குக் கீழே தண்ணீர் புகுந்து நாள்கணக்கில் தேங்கும். ஈரம் தேங்கும் மரம் கரையானையும் கூப்பிடும்.

புதிதாகக் கிச்சன் செய்யக் கொடுக்கிறவர்கள் சிங்க் பெட்டிக்கும் அதன் பக்கத்துப் பெட்டிக்குமாவது ஐஎஸ் 710 முத்திரையுள்ள மரைன் பிளைவுட்டைக் கேளுங்கள். 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்தாலும் அடுக்குகள் பிரியாத அளவுக்கு அதன் ஒட்டு வலுவாக இருக்க வேண்டும் என்பது தரக்கட்டுப்பாடு. குழாய்க்காக வெட்டிய துளைகளின் ஓரங்களையும், கண்ணில் படாது என்று விட்டுவிடும் அடிவிளிம்புகளையும் பிரைமரோ வார்னிஷோ பூசி அடைக்கச் சொல்லுங்கள். முதுகில்லாத பெட்டிகளுக்குக் குறுக்குப் பட்டை போட்டிருக்கிறார்களா என்று கல் ஏறுவதற்கு முன்பே குனிந்து பார்த்துவிடுங்கள். கல் ஏறிய பிறகு அதே வேலைக்குத் தச்சர் பெட்டிக்குள் பாதி உடம்பை நுழைத்துக்கொண்டு செய்ய வேண்டியிருக்கும், கூலியும் அதற்கேற்பவே கேட்பார்.